ஏழு மீற்றரில் சன்னம் எவ்வளவு விழும்

எங்கள் கல்லூரிப் பழைய மாணவர் சங்கத்தின் ரொறன்ரோக் கிளை இந்த வருடம் மலர் போடுகிறது. மலர்க்குழுவில் இருக்கும் பிள்ளை ஒருவர் (பிள்ளை என்கிறேன், அவருக்கும் ஐம்பது தாண்டிவிட்டது) தொலைபேசி எடுத்தார். "சேர், உங்கட பிரயோக கணித வகுப்பைப் பற்றி ஒரு நாலு பக்கம் எழுதித் தாங்கோ. நீங்கள் எறியம் படிப்பிச்சதை எல்லாரும் இப்பவும் சொல்லுகினம்" என்றார். நான் ஓம் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் யோசித்தேன். யாழ்ப்பாணத்தில் நான் எறியம் படிப்பித்தது பதினாறு வருடம். ரொறன்ரோவில் இடுப்பில் துவக்குக் கட்டிக்கொண்டு காசு லொறியில் போனது பத்தொன்பது வருடம். எறியம் எனக்கு விளங்கியது இரண்டாவது வேலையில்தான். விளங்கியது என்று எழுதிவிட்டேன், அதுகூடச் சரியோ தெரியாது. மலர்க்குழு மன்னிக்க வேண்டும். அவர்கள் கேட்டது ஒன்று, நான் எழுதப் போவது இன்னொன்று.

எறியம் மறந்துபோனவர்களுக்கு ஒரு வரி. துவக்கிலிருந்து கிடையாகப் புறப்பட்ட சன்னமும், அதே உயரத்தில் கையிலிருந்து நழுவிய சன்னமும் ஒரே நேரத்தில் நிலத்தைத் தொடும். ஒன்று தூரத்தில் விழும், மற்றது காலடியில் விழும், அவ்வளவுதான் வித்தியாசம். என் மாணவர்கள் ஒருவரும் இதை நம்பியதில்லை. பரீட்சைக்காக எழுதினார்கள். "வளித்தடையைப் புறக்கணிக்க" என்று வினாத்தாளில் போட்டுவிட்டால் வேலை இன்னும் சுகம்.

தொண்ணூற்றொன்றில் இங்கே வந்தேன், வயது நாற்பத்தொன்று. என் பட்டத்தை இந்த நாட்டில் யாரும் கேட்கவில்லை. இரண்டு வருடம் கோப்பை கழுவினேன், பிளாஸ்ரிக் வாளி செய்யும் தொழிற்சாலையில் நின்றேன். பிறகு வங்கிகளுக்கும் கடைகளுக்கும் காசு ஏற்றி இறக்கும் கவச லொறிக் கொம்பனி ஒன்றில் ஆள் எடுக்கிறார்கள் என்று ஒருவர் சொன்னார். லொறிக்கு மூன்று பேர். சாரதி உள்ளேயே பூட்டிக்கொண்டு இருப்பார். ஒருவர் பையைக் காவுவார். மற்றவர் துவக்கோடு அவருக்குக் காவலாக நடப்பார். சம்பளம் வாளித் தொழிற்சாலையைவிட எவ்வளவோ மேல்.

மனைவி அன்று சமைக்கவில்லை. "அங்கை துவக்குக்குப் பயந்து ஓடி வந்தனாங்கள். இங்கை அதையே இடுப்பிலை கட்டப் போறியளோ?" என்று கேட்டாள். "இது வேற துவக்கு" என்றேன். அதற்கு என்ன கருத்து என்று எனக்கு அப்போதும் தெரியாது.

பயிற்சி இரண்டு கிழமை. சட்டம், படிவங்கள், முதலுதவி எல்லாம் ஓடிப்போயின. மிச்சம் முழுவதும் சுடும் கூடத்தில். பயிற்றுநர் டொயில் என்பவர், கிழக்குக் கரையிலிருந்து வந்த வெள்ளையர். ஆறடிக்கு மேல் உயரம், இடது இடுப்பு பழுது, வாயில் எப்போதும் ஒரு நெருப்புக்குச்சி. குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. நேற்று வந்த எங்களையும் 'சேர்' என்றுதான் கூப்பிடுவார். நானோ பதினாறு வருடம் பிரம்போடு படிப்பித்தவன். குரல் உயர்த்தாமல் ஒரு மனிதர் எப்படிப் படிப்பிக்கிறார் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அப்போது கொம்பனியில் எல்லோருக்கும் ஆறு தோட்டா போடும் ரிவோல்வர். டொயில் அதை மேசையில் வைப்பார், குழல் எப்போதும் இலக்கின் பக்கம். உருளையைத் திறந்து ஆறு துளையும் வெறுமை என்று காட்டுவார். நாங்கள் பார்த்துத் தலையாட்டுவோம். "கண்ணால் பார்த்தது போதாது சேர், விரலாலும் பாருங்கள்" என்பார். சுண்டுவிரலை ஒவ்வொரு துளையிலும் விட்டு ஒன்று, இரண்டு என்று ஆறு வரை உரத்து எண்ண வேண்டும். நாளுக்கு இருபது தடவை எடுத்தாலும் இருபது தடவையும் எண்ண வேண்டும். இன்றைக்கும் வீட்டுக் கதவைப் பூட்டினால் நான் விரலால் தொட்டுப் பார்ப்பது அங்கே வந்த பழக்கம்.

முதல் நாள் பதினைந்து மீற்றரில் சுட்டேன். ஆறு சன்னமும் நடுப்புள்ளிக்கு ஒரு சாண் கீழே. இரண்டாம் நாளும் அப்படியே. மற்றவர்கள் என்றால் கை சரியில்லை என்று நினைத்திருப்பார்கள். நான் கணக்குச் செய்தேன். ஒரு சாண் என்றால் இருபது சென்ரிமீற்றர். புவியீர்ப்பை பத்து என்று எடுத்தால், இருபது சென்ரிமீற்றர் விழ வினாடியில் ஐந்திலொரு பங்கு எடுக்கும். அந்த நேரத்தில் பதினைந்து மீற்றர் போனதென்றால் சன்னத்தின் வேகம் வினாடிக்கு எழுபத்தைந்து மீற்றர். பெட்டியில் அச்சடித்த வேகமோ அதன் மூன்று மடங்கு. விடை தெளிவு. கொம்பனி பழைய தோட்டா வாங்கி வைத்திருக்கிறது.

இதை ஒரு தாளில் வடிவாக எழுதி, கீழே இரண்டு கோடும் போட்டு டொயிலிடம் கொடுத்தேன். அவர் முழுவதையும் வாசித்தார். நெருப்புக்குச்சியை ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்கு மாற்றினார். என் ரிவோல்வரை வாங்கினார், அதே பெட்டியிலிருந்து ஆறு தோட்டா போட்டார், விரலால் எண்ணினார், சுட்டார். ஆறும் நடுப்புள்ளியில். எனக்குக் காது சுட்டது.

பிறகு எனக்கு முதுகைக் காட்டி நின்று ரிவோல்வரை நிரப்பித் தந்தார். சில துளைகளில் நல்ல தோட்டா, சில துளைகளில் சுட்ட வெறும் கோது. எது எங்கே என்று எனக்குத் தெரியாது. முதலாவது வெடித்தது. இரண்டாவது வெடித்தது. மூன்றாவதுக்கு ட்ரிகரை இழுத்தேன். 'டிக்' என்றது. சத்தமும் இல்லை, உதைப்பும் இல்லை, ஆனால் குழல் கோழி கொத்துவதுபோல் கீழே கொத்தியது. கொத்தியது என் கை. சன்னம் விழவில்லை. சத்தம் வரப்போகிறது என்று என் கைதான் முன்கூட்டியே விழுந்தது.

"இதற்கு முன் எங்கேயாவது துவக்குச் சத்தம் கேட்டிருக்கிறீர்களா, சேர்?" என்று டொயில் கேட்டார். எங்கிருந்து தொடங்குவது? "ஊரில்" என்று மட்டும் சொன்னேன். அவர் திரும்பக் கேட்கவில்லை. வகுப்பு முடிந்த பிறகு தினமும் அரை மணித்தியாலம், வெறும் ரிவோல்வரின் குழலில் ஒரு இருபத்தைந்து சதக் குற்றியை நிறுத்தி, அது விழாமல் ட்ரிகர் இழுக்கச் சொன்னார். மற்றவர்களைவிட ஒரு கிழமை கூட, மூன்று கிழமை எடுத்தது. சித்தியடைந்தேன். எனக்குப் 'புரொபெசர்' என்று பட்டம் வைத்தார்கள். பகிடிக்குத்தான் வைத்தார்கள், ஆனால் எனக்கு அது பிடித்திருந்தது. அந்தப் பிடிப்பிலிருந்துதான் எல்லாம் வந்தது என்று சில நாள் நினைப்பேன்.

அடுத்த வருடம் நிஸார் வந்து சேர்ந்தான். யாழ்ப்பாணம் சோனகத்தெருப் பக்கம். பன்னிரண்டு வயதில் தையல் மெசினில் குந்தியவன், என்னைவிடப் பதினைந்து வயது இளமை. கட்டையான ஆள், கைகள் இன்னும் சின்னன். தொண்ணூறில் இயக்கம் அங்கிருந்த முஸ்லிம் சனம் முழுவதையும் இரண்டு மணித்தியாலத்தில் வெளியேறச் சொன்னபோது தாயோடு புத்தளம் போய், அங்கிருந்து எப்படியோ இங்கே வந்தவன். தாய் புத்தளத்தில் அகதி முகாமில் இருந்தா. அவவை ஸ்பொன்சர் பண்ணிக் கூப்பிட வேண்டும். அதற்கு நிரந்தர வேலை, கொம்பனிக் கடிதம், சம்பளத் துண்டு எல்லாம் காட்ட வேண்டும். ஸ்காபரோவில் ஒரு வீட்டின் நிலக்கீழ் அறையில் இருந்துகொண்டு அந்த ஒரு காரியத்துக்காகவே வேலை செய்தான்.

ரிவோல்வரோடு அவனைப்போல் ஒருவன் எங்கள் டிப்போவில் இல்லை. இலக்குத் தாளில் அவன் சுட்ட ஆறு துளையையும் ஒரு தேத்தண்ணீர்க் கோப்பையால் மூடலாம். "ஊசி கோக்கிறதைவிட இது சுகம் மாஸ்டர்" என்பான்.

நானும் அவனும் ஒரே லொறி. மில்லிக்கன் பிளாசாக்கள், பிறகு நெடுஞ்சாலையில் ஏறி அஜக்ஸ், ஒஷாவா. ஒருநாள் லொறிக்குள் நான் ஒரு கதையைச் சொன்னேன். ஏன் சொன்னேனோ தெரியாது. அந்தத் தொண்ணூறில் அவர்களுடைய தையல் கடை ஒன்றில் நான் காற்சட்டைத் துணி கொடுத்திருந்தேன். சனத்தைக் கலைத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்ட நேரம், கடவுளாணை, எனக்கு முதல் வந்த நினைவு என் துணி. இரண்டாவதாகத்தான் மனிதர்களை நினைத்தேன். அன்று ஒருவரிடமும் போய் ஏன் என்று நான் கேட்கவில்லை. பரீட்சைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன்.

நிஸார் என் பக்கம் திரும்பினான். "அளவு எடுத்தவையோ?" என்று கேட்டான்.

"ஓம். எடுத்தவை."

"அப்ப தைச்சிருப்பினம் மாஸ்டர். நீங்கள்தான் போய் எடுக்கேல்லை" என்று சொல்லிச் சிரித்தான். நானும் சிரித்தேன். சிரிக்கலாமோ என்று தெரியாமல்தான் சிரித்தேன்.

அந்த மாரியில் மில்லிக்கனில் ஒரு சம்பவம். வங்கி வாசலிலிருந்து நான் பையோடு வர, நிஸார் பக்கத்தில் நடந்தான். திடீரென்று ஒரு தடித்த மனிதன் எங்களை நோக்கி ஓடி வந்தான், ஒரு கை ஜக்கெற்றுக்குள். நான் உறைந்து போனேன். நிஸாரின் கை உறையில் போய் இருந்தது, ஆனால் இழுக்கவில்லை. "நில்" என்று ஒரு சொல் மட்டும் சொன்னான், அதுவும் மெதுவாக. அந்த மனிதன் நின்றான், கையை வெளியே எடுத்தான். கையில் என் கையுறை. உள்ளே விட்டுவிட்டு வந்திருக்கிறேன். நனையாமல் ஜக்கெற்றுக்குள் வைத்துக்கொண்டு ஓடி வந்திருக்கிறான், பாவம். அவன் நின்ற இடத்துக்கும் எங்களுக்கும் இடையில் ஏழு மீற்றர் இருக்கும். வங்கி வாசலிலிருந்து லொறிக் கதவும் அவ்வளவுதான். எங்கள் வேலை முழுவதும் அந்த ஏழு மீற்றருக்குள்தான் நடந்தது. இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் மறந்தேன்.

தொண்ணூற்றாறில் கொம்பனி ரிவோல்வரை விட்டுப் பிஸ்டலுக்கு மாறத் தீர்மானித்தது. கடைசியில் இரண்டு பிஸ்டல்கள் மிஞ்சின. ஒன்று தடித்த பிடி, நீண்ட குழல். மற்றது மெல்லிய பிடி, கட்டைக் குழல். தோட்டா இரண்டுக்கும் ஒன்றே. டொயில் தெரிவு செய்திருக்க வேண்டியது, ஆனால் அவர் இடுப்புச் சத்திரசிகிச்சைக்கு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். மனேஜர் கிரெய்க் என்னைக் கூப்பிட்டார். நல்ல உடுப்பு, நல்ல சிரிப்பு, எண்கள் என்றால் உயிர். "புரொபெசர், நீங்கள் ஒரு ரிப்போர்ட் எழுதித் தாருங்கள்" என்றார். நல்லதாக அமைந்தால் டொயிலுக்கு உதவிப் பயிற்றுநர் வேலை எனக்கு என்றும் சொன்னார்.

ஐந்து வருடத்துக்குப் பிறகு ஒருவர் என் கணக்கைக் கேட்டிருக்கிறார். எனக்கு நித்திரை வரவில்லை.

முறைப்படி தொடங்கினேன். ஒரு கொப்பி வாங்கினேன். டிப்போவில் இருந்த பதினொரு பேருடைய கையிலும் இரண்டு பிஸ்டலையும் கொடுத்து, ஒவ்வொருவர் சொன்னதையும் எழுதினேன். நிஸார் தடித்ததைப் பிடித்துப் பார்த்தான், மெல்லியதைப் பிடித்துப் பார்த்தான், திரும்பவும் தடித்ததைப் பிடித்தான்.

"மாஸ்டர், இந்தத் தடிச்சது எனக்குச் சரிவராது. ட்ரிகர் விரல் நுனியிலைதான் படுது. இழுக்கேக்கை துவக்கே சுத்துது. மெல்லிசுதான் நல்லம். எழுதுங்கோ."

எழுதினேன். அவன் சொன்னபடியே, தமிழில், சொல்லுக்குச் சொல் எழுதினேன்.

பிறகு ரிப்போர்ட் எழுத உட்கார்ந்தேன். நீண்ட குழலில் வேகம் கூட, ஆகவே சன்னம் விழுவது குறைவு. அட்டவணை போட்டேன், வளைகோடு கீறினேன். முதலில் ஏழு மீற்றருக்குக் கணித்தேன். இரண்டு பிஸ்டலுக்கும் ஒரே விடை, சென்ரிமீற்றரில் பூச்சியம் தசம் இரண்டு. அப்படி ஒரு கேள்வியை எந்த வாத்தியும் பரீட்சையில் போடமாட்டான். அந்த வரியை விட்டுவிட்டேன். இருபத்தைந்து, ஐம்பது, எழுபத்தைந்து, நூறு மீற்றர் என்று போனேன். நூறில் ஏழு சென்ரிமீற்றர் வித்தியாசம் வந்தது. வளைகோடுகள் வடிவாகப் பிரிந்து போயின. வளித்தடையைப் புறக்கணித்தேன். கொப்பியில் இருந்த பதினொரு பேரின் பேச்சை எந்த நிரலில் போடுவது என்று தெரியவில்லை. 'சுத்துது' என்பதற்கு அலகு இல்லை. அதையும் விட்டேன். நாலு பக்கம். முடிவு: தடித்தது.

கிரெய்க்குக்கு அட்டவணை பிடித்துக்கொண்டது. ஒரு கிழமையில் ஓடர் போய்விட்டது.

டொயில் ஊன்றுகோலோடு திரும்பி வந்து ரிப்போர்ட்டை வாசித்தார். என்னைக் கூப்பிட்டு, "கணக்கு நல்லாயிருக்கிறது, சேர். லொறிக் கதவிலிருந்து வங்கி வாசல் எவ்வளவு தூரம்?" என்று கேட்டார்.

"ஏழு மீற்றர்."

"அந்தத் தூரத்துக்கு ஒருக்கால் செய்து காட்டுங்கள். கிட்டத்தட்ட வேண்டாம், சரியாக வேண்டும்."

அவருடைய மேசையில் பென்சிலால் செய்தேன். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மில்லிமீற்றரில் மூன்றிலொரு பங்கு. டொயில் என் நாலு பக்க ரிப்போர்ட்டை எடுத்து, அதன் விளிம்பு என் கண்ணுக்கு நேரே வரும்படி பிடித்தார்.

"இவ்வளவு இருக்குமா?" என்றார்.

நாலு தாளின் கனம். சரியாக அவ்வளவுதான் இருக்கும். அவர் சிரிக்கவில்லை, ஏசவும் இல்லை. ஏசியிருந்தால் நல்லது.

புதுப் பிஸ்டல் வந்ததும் எல்லோரும் திரும்பச் சித்தியடைய வேண்டும். ஐம்பது தோட்டா, நாற்பது உள்ளே விழ வேண்டும். மூன்று தடவை தருவார்கள், மூன்றிலும் தவறினால் வேலை இல்லை. நிஸார் முதல் தடவை முப்பத்துமூன்று. தவறியதெல்லாம் ஒரு சாண் இடப்பக்கம். விரல் நுனியால் இழுத்தால் குழல் இடப்பக்கம் தள்ளுப்படும், இதற்குக் கணக்கு ஒன்றும் வேண்டாம். நான் ஞாயிறுகளில் அவனோடு கூடத்துக்குப் போனேன். குற்றியை நிறுத்திப் பார்த்தோம், பிடியை மாற்றிப் பார்த்தோம். இரண்டாம் தடவை முப்பத்தாறு. மூன்றாம் தடவை முப்பத்தெட்டு. உம்மாவைக் கூப்பிடப் போட்ட ஃபைலுக்குப் புதுக் கொம்பனிக் கடிதம் அனுப்ப வேண்டிய மாதம் அது.

அடுத்த நாள் கிரெய்க்கின் அறையில் கூட்டம். உள்ளே போகமுதல் டொயில் என்னை நடையில் மறித்தார். "இந்தப் பிஸ்டல் சரிவராது என்று அவர் முதலிலேயே சொல்லி, அது எங்கேயாவது எழுத்தில் இருந்தால், அவரை ரிவோல்வரோடேயே வைத்திருக்க என்னால் வாதாட முடியும். அப்படி ஏதும் இருக்கிறதா?"

கொப்பி என் சாப்பாட்டுப் பைக்குள் இருந்தது. காட்டத்தான் கொண்டுவந்தேன். விடிய வீட்டை விட்டு வெளிக்கிடும்போது அதுதான் என் எண்ணம், இதைச் சத்தியமாகச் சொல்கிறேன். ஆனால் கொப்பியைக் காட்டினால், கேட்டதையெல்லாம் ஒளித்துவிட்டு ரிப்போர்ட் எழுதினேன் என்று வரும். உதவிப் பயிற்றுநர் வேலை போகும், இருக்கிற வேலையும் போகலாம். அஜக்ஸில் வீடு பார்த்து வைத்திருந்தோம். வங்கிக்கு எனக்கும் ஒரு கொம்பனிக் கடிதம் தேவைப்பட்டது. "பார்க்கிறேன்" என்றேன் டொயிலிடம்.

நிஸாரின் இங்கிலிஷ் காணாது. மொழிபெயர்க்க என்னைத்தான் இருத்தினார்கள். மேசையின் ஒரு பக்கம் கிரெய்க்கும் டொயிலும், மறுபக்கம் நாங்கள் இருவரும். கிரெய்க் ஃபைலைத் திறந்து கேட்டார். நான் தமிழில் சொன்னேன்.

"நிஸார், துவக்குத் தெரிவு செய்ய முதல் உம்மட்டை ஆராவது அபிப்பிராயம் கேட்டவையோ எண்டு கேக்கிறார். கேட்டிருந்தால் நீர் என்ன சொன்னனீர் எண்டும் கேக்கிறார்."

முழுவதையும்தான் சொன்னேன், ஒரு சொல்லும் குறைக்கவில்லை. அவன் சொல்லட்டும், அவன் வாயால் வந்தால் நான் கொப்பியை எடுக்கிறேன் என்று மனதுக்குள் பேரம் பேசிக்கொண்டிருந்தேன்.

நிஸார் என்னைப் பார்த்தான். பிறகு மேசைக்குக் கீழே, கொப்பியின் விளிம்பு தெரிந்த என் பையைப் பார்த்தான். பிறகு திரும்ப என்னைப் பார்த்தான்.

"என்னட்டை ஒருத்தரும் கேக்கேல்லை" என்றான்.

அறையில் எல்லோரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அதை இங்கிலிஷில் சொன்னேன். அவரிடம் ஒருவரும் கேட்கவில்லை.

டொயில் நெருப்புக்குச்சியை வாயிலிருந்து எடுத்தார். "அப்படித்தான் சொன்னாரா?" என்று என்னைக் கேட்டார்.

"அப்படித்தான் சொன்னார்" என்றேன். மொழிபெயர்ப்பில் பிழை இல்லை. கிரெய்க் எழுதிக்கொண்டு ஃபைலை மூடினார்.

நிஸார் இடுப்புப் பட்டி, தொப்பி, அடையாள அட்டை எல்லாவற்றையும் ஒப்படைத்துக் கையெழுத்து வைத்தான். வாசலில் "வாறன் மாஸ்டர்" என்றான், ஒவ்வொரு நாளும் வேலை முடிந்து சொல்வதுபோல. எனக்கு ஒஷாவா லொறி காத்துக்கொண்டு நின்றது. நான் ஏறிப் போனேன். டொயில் அதற்குப் பிறகு என்னைச் 'சேர்' என்று கூப்பிட்டதில்லை.

அவன் ஏன் அப்படிச் சொன்னான்? இத்தனை வருடம் யோசித்தும் எனக்குப் பிடிபடவில்லை. என் முகத்தில் இருந்த பயத்தைப் பார்த்து என்னைக் காப்பாற்றினான் என்று சில நாள் தோன்றும். அப்போது அவனைக் கையெடுத்துக் கும்பிடலாம்போல் இருக்கும். வேறு சில நாள், அவன் உள்ளதைத்தான் சொன்னான் என்று தோன்றும். கேட்டு எழுதிக் கொப்பியை மூடி வைத்தால் அது கேட்டதாகுமா? சில நாள், அவன் எனக்குப் பதில் சொல்லவேயில்லை, தொண்ணூறில் இருந்து அவனிடம் ஒன்றும் கேட்காத எல்லோருக்கும் சேர்த்துச் சொன்னான் என்று தோன்றும். மூன்றும் சரியாக இருக்கலாம். ஒரு கேள்விக்கு மூன்று விடை எழுதிய மாணவனுக்கு நான் புள்ளி போட்டதில்லை.

உதவிப் பயிற்றுநர் வேலை எனக்குக் கிடைத்தது. அஜக்ஸ் வீடும் வாங்கினோம். இரண்டு வருடத்தில், புதிதாக வருபவரின் கையை முதலில் அளந்து, சின்னக் கைக்கு மெல்லிய பிஸ்டல் கொடுக்க வேண்டும் என்று விதியை மாற்றுவித்தேன். இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. யாருக்காகச் செய்தேனோ அவன் அங்கே இல்லை. அவனைத் தேடிப் போகவும் இல்லை. எனக்கு வெட்கம்.

ஓய்வு பெற்ற நேரம் கொம்பனி இராப்போசனம் வைத்தது. ஒரு கோட் தைக்க வேண்டும். "மில்லிக்கனிலை ஒரு பிளாசாவிலை ஒருத்தர் நல்லாத் தைக்கிறாராம்" என்று மனைவி சொன்னாள். கதவைத் திறந்தால் நிஸார். தலை நரைத்து, கழுத்தில் அளவு நாடாவோடு நின்றான்.

"வாங்கோ மாஸ்டர்" என்றான், நேற்றுப் பிரிந்ததுபோல.

என்னென்னவோ சொல்ல நினைத்துக்கொண்டு, "உம்மா எப்பிடி?" என்று கேட்டேன்.

"உம்மா தொண்ணூற்றெட்டிலை புத்தளத்திலையே மௌத்தாயிட்டா. ஃபைல் திரும்பப் போட்டனான். பிந்திப் போச்சு" என்றான். சொல்லிக்கொண்டே என் தோளில் நாடாவை வைத்தான். தோள், நெஞ்சு, இடுப்பு என்று அளந்து ஒவ்வொன்றையும் கொப்பியில் எழுதினான். விரல்கள் முந்திப்போலவே சின்னன், முந்திப்போலவே கெட்டித்தனம். அன்று கிரெய்க்கின் அறையில் ஏன் அப்படிச் சொன்னீர் என்ற கேள்வியோடு நின்றேன். கேட்க முடியவில்லை.

"கை நீளம் எவ்வளவு விடட்டும் மாஸ்டர்? மணிக்கட்டிலை நிக்கோணுமோ, கொஞ்சம் கீழை வரோணுமோ?"

"உமக்குத் தெரியுந்தானே நிஸார். பாத்து வெட்டும்."

"இல்லை மாஸ்டர்" என்றான். "நான் கேட்டுத்தான் வெட்டுறனான்."

பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தபடி நின்றான். அவன் எதைச் சொன்னான் என்று எனக்குத் தெரியாது. எல்லா வாடிக்கைக்காரருக்கும் சொல்வதைத்தான் எனக்கும் சொன்னானோ என்னவோ.

"மணிக்கட்டு எலும்பிலை நிக்கட்டும்" என்றேன்.

அவன் அதை எழுதிக்கொண்டான். ஒரு கிழமையில் கோட் வந்தது. கை சரியாக மணிக்கட்டு எலும்பில் நின்றது.